புதிதாக மகளிர் குழு தொடங்குகிறீர்களா? சேர்ந்து வேலை செய்யப் பழக ஒரு வழிகாட்டி

எங்கள் முதல் மகளிர் குழு பதினோராவது மாதத்தில் உடைந்தது. பதினாறு பேர் இருந்தோம். கணக்கில் 4,300 ரூபாய் இடித்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆறு மாதம் ஒரே தெருவில் நடந்தோம். யாரும் திருடவில்லை. அந்தக் கணக்கு எப்படி இடித்தது என்பதைக் கீழே ஆறாவது படியில் சொல்கிறேன்.

இப்போது இருப்பது இரண்டாவது குழு. பதினான்கு பேர், நான்காவது ஆண்டு. எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டைப் பக்கம். பாதிப் பேர் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிறவர்கள், மீதிப் பேர் நூறு நாள் வேலை, தையல், ஆடு. குழு தொடங்க என்ன படிவம், எங்கே கையெழுத்து என்பதையெல்லாம் வட்டார அலுவலகத்தில் சொல்லிவிடுவார்கள். பதினான்கு பேர் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து ஒரு முடிவெடுத்து எழுந்திருப்பது எப்படி என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாங்கள் அடிபட்டுக் கற்றது இது.

1. ஆள் சேர்க்கும் முன் இரண்டு வாரம் சும்மா இருங்கள்

நம் மாநிலத்தில் ஒரு குழுவுக்கு 12 முதல் 20 பேர் என்பது வழக்கம். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், பக்கத்துப் பக்கத்துத் தெருவாக இருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒருவர்தான். இருபதைத் தொட ஆசைப்படாதீர்கள். பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர் இருந்தால் ஒவ்வொருவரும் கூட்டத்தில் வாய் திறக்க நேரம் கிடைக்கும்.

முதல் குழுவில் நாங்கள் செய்த தவறு, சொந்தக்காரர்களாகப் பார்த்துச் சேர்த்தது. பதினாறில் ஒன்பது பேர் ஒரே வகையறா. நம்பிக்கை இருக்கும் என்று நினைத்தோம். ஆனால் மதினியிடம் "தவணை கட்டுங்க" என்று யார் கேட்பது? கேட்டால் அது கல்யாண வீட்டு வாசல் வரை போகும். உறவே வேண்டாம் என்று சொல்லவில்லை, அது ஊரில் நடக்காத காரியம். ஒரே குடும்ப வட்டம் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தனியார் நுண்கடன் கம்பெனிக்காரர்கள் வாரா வாரம் வந்து வசூலிப்பதையும் ஊரில் 'குழு' என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு. அங்கே கடன் கம்பெனியுடையது, விதியும் கம்பெனியுடையது. மகளிர் குழுவில் முதலில் சேமிப்பு, பிறகு அந்தச் சேமிப்பிலிருந்து கடன், விதி நாமே எழுதுவது. இந்த வித்தியாசம் புரியாமல் "எப்பக்கா லோன் வரும்?" என்று கேட்டுக்கொண்டு சேர்ந்தவர்கள் மூன்றாவது மாதம் நின்றுவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று கம்பெனியில் கடன் வைத்திருப்பவரை விலக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் அதைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் சேரட்டும்.

2. நாள், நேரம், இடம்

சின்ன விஷயம் மாதிரி தெரியும். எங்கள் முதல் குழு பாதி இங்கேதான் ஆட்டம் கண்டது.

செவ்வாய், வெள்ளி வேண்டாம். விளக்கு வைத்த பிறகு அந்த இரண்டு நாளும் எங்கள் பக்கம் யாரும் கையிலிருந்து காசு கொடுக்கமாட்டார்கள். நாங்கள் செவ்வாய் வைத்தோம், சேமிப்பு வரவே இல்லை, ஏன் என்று ஒரு மாதம் கழித்துத்தான் ஒரு பாட்டி சொன்னார். ஞாயிறு என்றால் விசேஷம், கறிக்குழம்பு, விருந்தாளி. புதன் மாலை ஆறரை மணி எங்களுக்குச் சரிப்பட்டது. பூ எடுக்கிறவர்கள் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள் என்பதால் இரவு எட்டரைக்கு மேல் கண் சொக்கும். எட்டு மணி சீரியலும் இருக்கிறது, அதோடு மோதி ஜெயித்த குழுவை நான் பார்த்ததில்லை. ஆகவே ஆறரைக்குத் தொடக்கம், ஏழே முக்காலுக்கு முடிவு.

இடம் தலைவி வீடாக இருக்கக் கூடாது. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அவரிடமே கணக்குக் கேட்க யாருக்கும் நாக்கு எழாது. அங்கன்வாடி வாசல், கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், எதுவும் கிடைக்காவிட்டால் வேப்பமரத்தடி. வட்டமாக உட்காருங்கள். இரண்டு வரிசையாக உட்கார்ந்தால் பின்வரிசை தனிக் கூட்டம் போட்டுவிடும்.

ஆடியில் தொடங்காதீர்கள், யாரும் வரமாட்டார்கள். எங்கள் அனுபவத்தில் தை அல்லது ஆவணி நல்லது. ஆனால் தையில் தொடங்கினால் ஒன்றை யோசித்துவையுங்கள்: ஐந்தாவது மாதம் ஜூன் வந்துவிடும். பள்ளிக்கூடம் திறக்கும்போது பதினான்கு பேரும் ஒரே வாரத்தில் கடன் கேட்பார்கள். அதற்கு முன்பே உங்கள் விதி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

3. முதல் நான்கு கூட்டம்: பேசப் பழகுவது

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். இதில் செலவு ஒன்றுமில்லை, நான்கு வாரம் மட்டும் ஆகும்.

எங்கள் முதல் குழுவில் "எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்போம். யாரும் பேசமாட்டார்கள். சம்மதம் என்று எழுதிக்கொள்வோம். கூட்டம் முடிந்து தண்ணீர்க் குழாயடியில் வேறு கூட்டம் நடக்கும், உண்மையான முடிவு அங்கேதான் எடுக்கப்படும். ஒரு அக்காவிடம் நேராகக் கேட்டால்கூட, "எனக்கெதுக்குத்தா, நீங்க என்ன சொல்றீகளோ அதான்" என்பார். மறுநாள் அவர்தான் அதிகம் வருத்தப்பட்டுப் பேசுவார்.

இரண்டாவது குழுவில் முறையை மாற்றினோம். பொதுவாகக் கேள்வி கேட்பதே கிடையாது. வட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்போம். தினமும் நன்றாகப் பேசுகிறவர் கடைசியில், பேசாதவர் முதலில். "சரி" என்று மட்டும் சொல்லக் கூடாது, ஏன் சரி என்று ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும். முதல் வாரம் சிரித்தே நேரம் போனது. ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான்காவது வாரம் அதே அக்கா, "வாரம் நூறு எனக்கு ஒத்துவராது, அம்பதுன்னா கட்டுவேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் எங்கள் சேமிப்பு வாரம் ஐம்பது ரூபாய் ஆனது. நூறு வைத்திருந்தால் நான்கு பேர் மூன்றே மாதத்தில் பாக்கிக்காரர் ஆகியிருப்பார்கள்.

சேமிப்புத் தொகையை வருமானம் நன்றாக வரும் மாதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எங்கள் பக்கம் மார்கழி, தையில் மல்லிகை விலை எகிறும், ஆனால் செடியில் பூ குறைவு, எடுக்கிற ஆளுக்கு வேலையும் குறைவு. கோடையில் பூ கொட்டும், விலை விழும். உங்கள் ஊரில் எந்த மாதம் கை காய்கிறதோ, அந்த மாதத்திலும் கட்ட முடிகிற தொகைதான் சரியான தொகை.

முகத்துக்கு நேரே சொல்ல முடியாத விஷயத்துக்கு ஒரு வழி: ஒரு செம்பு, கொஞ்சம் புளியங்கொட்டை, கொஞ்சம் பொடிக்கல். ஆமாம் என்றால் கொட்டை, இல்லை என்றால் கல், மூடிய கையை உள்ளே விட்டுப் போட வேண்டும். வருடத்துக்கு மூன்று நான்கு தடவைதான் இது தேவைப்படும். எல்லாவற்றுக்கும் செம்பைத் தூக்கினால் பேசும் பழக்கம் போய்விடும்.

4. விதிகளை எழுதுங்கள், குறைவாக எழுதுங்கள்

எங்களிடம் ஒன்பது விதி. முதல் குழுவில் இருபத்தேழு இருந்தது, யாருக்கும் ஞாபகம் இல்லை. கட்டாயம் இருக்க வேண்டியவை: கூட்ட நாளும் நேரமும், சேமிப்புத் தொகை, தாமதத்துக்கு அபராதம் (எங்களுக்கு ஐந்து ரூபாய்), சொல்லாமல் வராவிட்டால் அபராதம் (இருபது ரூபாய்), உள்கடன் (சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன்) வட்டி, ஒருவருக்கு அதிகபட்சக் கடன், பொறுப்பாளர் எத்தனை ஆண்டு, ஒருவர் விலகினால் அவர் பணம் எப்போது, எப்படித் திரும்பும்.

கடைசி விதியை யாரும் எழுதுவதில்லை. தொடங்கும்போதே பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் மாதிரி இருக்கும். ஆனால் மகள் பேறுகாலத்துக்கு ஒருவர் திருப்பூர் போய் அங்கேயே தங்கிவிடுவார், இன்னொருவர் வீடு மாறுவார். எங்கள் விதி: எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் சேமிப்பு முழுதும், அவர் கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு.

அபராதத்தைத் தலைவியிடமிருந்து முதலில் வசூலியுங்கள். எங்கள் தலைவி இரண்டாவது வாரமே பத்து நிமிடம் தாமதமாக வந்தார். ஐந்து ரூபாயை எல்லோருக்கும் தெரியும்படி எண்ணி வைத்தார். வேண்டுமென்றே தாமதமாக வந்தாரோ என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. அதற்குப் பிறகு அபராதத்தைப் பற்றி ஒரு சண்டைகூட வந்ததில்லை.

5. பொறுப்பும் வங்கிக் கணக்கும்

ஒரு ஊக்குநர் (தலைவி), இரண்டு பிரதிநிதிகள் என்பது இங்கே பழைய வழக்கம். இப்போது சில இடங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் மூன்று பேர்தான். மீதி பதினோரு பேர் பார்வையாளர் ஆகிவிடுவதுதான் எல்லாக் குழுவுக்கும் வரும் நோய். அதனால் மீதிப் பேருக்கும் வேலை பிரித்தோம். பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவரிடம், நோட்டு மூன்றாமவரிடம். பணம் எண்ணுவது எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அக்கா. பூ மார்க்கெட்டில் இருபது வருடம் சில்லறை எண்ணிய கை, எங்களில் யாரைவிடவும் வேகம், இதுவரை ஒரு தடவை தவறியதில்லை. ஜமுக்காளம் விரிப்பதும் ஒரு பொறுப்புதான், அது முறை வைத்து மாறும்.

வங்கிக்கு எடுத்துப் போக வேண்டியவை:

- கணக்குத் தொடங்குவது, யார் யார் கையெழுத்துப் போடுவது என்று எல்லா உறுப்பினரும் கையெழுத்திட்ட தீர்மானம்
- குழு விதிகளின் நகல், உறுப்பினர் பட்டியல்
- பொறுப்பாளர் மூவரின் ஆதார் நகல், பான் அட்டை (இல்லாவிட்டால் படிவம் 60), புகைப்படம்
- குழுவின் ரப்பர் ஸ்டாம்ப்
- ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, அதாவது ஊராட்சியிலுள்ள மகளிர் குழுக்கள் சேர்ந்த அமைப்பு, அல்லது வட்டார அலுவலகத்தின் அறிமுகக் கடிதம் (இருந்தால் வேலை சுளுவாக முடியும்)

இங்கே ஒரு பொறி. சில கிளைகளில் பதினான்கு பேருடைய அடையாள ஆவணமும் கேட்பார்கள், எல்லோரையும் நேரில் வரச் சொல்வார்கள். சேமிப்புக் கணக்கு தொடங்கப் பொறுப்பாளர்களின் ஆவணம் போதும் என்பதுதான் ரிசர்வ் வங்கியின் விதி. எல்லா உறுப்பினர்களின் ஆவணமும் கடன் வாங்கும் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். சண்டை போடாதீர்கள். "ரிசர்வ் வங்கி விதிப்படி பொறுப்பாளர் ஆவணம் போதும்னு சொன்னாங்க சார், மேலாளர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்றால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

தொடக்கச் செலவு எங்களுக்கு இப்படி வந்தது: பதிவேடுகள் 600, தனிநபர் பாஸ் புத்தகம் பதினான்குக்கு 210, ரப்பர் ஸ்டாம்ப் 300, பூட்டோடு இரும்புப் பெட்டி 650, புகைப்படம் 180, ஜெராக்ஸ் 90. ஆக 2,030 ரூபாய். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் பஸ் செலவு இல்லை. ஆனால் உண்மையான செலவு அதில்லை. மூன்று பேர் நான்கு தடவை வங்கிக்கு நடந்தார்கள், ஒவ்வொரு தடவையும் பாதி நாள் கூலி போனது. முதல் குழுவில் இதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. "நாங்க அலையறோம், நீங்க உக்காந்து திங்கிறீக" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. இந்தத் தடவை ஒரு நடைக்கு ஆளுக்கு நூறு ரூபாய் என்று முதலிலேயே தீர்மானம் எழுதினோம். 1,200 ரூபாய் கூடியது. மொத்தம் 3,230, ஆளுக்கு 231 ரூபாய் வரும். நாங்கள் செலவு செய்ததிலேயே உருப்படியான 1,200 ரூபாய் அது.

6. கணக்கு: எழுதுவது ஒருவர், கேட்பது பதினான்கு பேர்

அந்த 4,300 ரூபாய்க்கு வருகிறேன். முதல் குழுவில் கணக்கு எழுதியது நான்தான். ஒரு கூட்டத்தன்று கரண்ட் போய்விட்டது. இரண்டு பேர் கடன் தவணை கொடுத்தார்கள், ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன், வீட்டில் போய் எழுதலாம் என்று. சீட்டு தொலைந்தது, நானும் மறந்தேன். ஐந்து மாதம் கழித்து அவர்கள் கட்டிவிட்டோம் என்றார்கள், நோட்டில் இல்லை. பெட்டியில் எவ்வளவு இருந்தது என்பதை வாரா வாரம் யாரும் எண்ணிச் சொல்லாததால் எந்த வாரம் கணக்கு பிசகியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஊக்குநர் எடுத்துவிட்டார் என்று ஊர் பேசியது, அவர் அழுதுகொண்டே பொறுப்பை விட்டார். குழு உடைந்த பிறகு, பழைய காலண்டருக்குப் பின்னால் அந்தச் சீட்டு கிடைத்தது. அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "சரி விடுத்தா" என்றார். விடவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

ஆகவே, எங்கள் இப்போதைய நடைமுறை. கூட்டம் தொடங்கியதும் போன வாரத் தீர்மானத்தை வாசிப்போம். பிறகு பெட்டியைத் திறந்து எண்ணி, போன வாரக் கையிருப்போடு ஒத்துப்போகிறதா என்று சத்தமாகச் சொல்வோம். பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வரவு. பணம் கொடுத்தவரின் பாஸ் புத்தகத்தில் அங்கேயே எழுத வேண்டும், பொது நோட்டிலும் அங்கேயே. கூட்டம் முடியும் முன் அன்றைய வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் வாசிப்போம். படிக்கத் தெரியாத மூன்று பேருக்கும் முதல் ஆண்டிலேயே தங்கள் எண் மனப்பாடம்: "எஞ்சேமிப்பு ஆயிரத்து அம்பது, கடன் பாக்கி எழுநூறு." எழுதுகிறவர் பிசகினால் அவர்கள்தான் முதலில் பிடிப்பார்கள். கரண்ட் இல்லாவிட்டால் செல்போன் டார்ச். துண்டுச் சீட்டுக்குத் தடை, விதியிலேயே எழுதியிருக்கிறோம்.

வைத்திருக்க வேண்டியவை: வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு-கடன் பேரேடு, தனிநபர் பாஸ் புத்தகம். ஐந்தும் வாரா வாரம் முடிந்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்பவரிடம் நோட்டைக் கொடுக்காதீர்கள், நானும் அப்படி ஒரு ஆளாகத்தான் இருந்தேன்.

வாட்ஸ்ஆப் குழு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கூட்ட நேரம், வங்கிச் சீட்டின் படம், இரண்டுக்கும் மட்டும். பணத்தைப் பற்றி ஒரு குரல் செய்தி போனால் அது பதினான்கு வீட்டிலும் கணவர், மாமியார் காதில் சேர்ந்து ஒலிக்கும்.

7. உள்கடன்: இல்லை என்று சொல்லக் கற்பது

வாரம் ஐம்பது வீதம் பதினான்கு பேருக்கு 700 ரூபாய், எட்டு வாரத்தில் 5,600. உள்கடன் தொடங்க அது போதும். பணத்தைச் சேர்த்துக்கொண்டே போய்ப் பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். வங்கிக் கடனுக்காகக் குழுவைத் தரம் பார்க்கும்போது பஞ்ச சூத்திரம் என்று ஐந்தைப் பார்ப்பார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தொடர்ந்த உள்கடன், நாள் தப்பாமல் கடனைத் திருப்பிக் கட்டுவது, சரியான கணக்கு. உள்கடன் ஓடாத குழு அங்கே அடிபடும்.

எங்கள் வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய், முதல் சுற்றில் அதிகபட்சம் 2,000. கேட்கிறவர் மூன்றைச் சொல்ல வேண்டும்: எதற்கு, எவ்வளவு, எந்த வருமானத்திலிருந்து எப்போது திரும்பும். மூன்றாவதற்குப் பதில் இல்லாவிட்டால் தொகையைக் குறைப்போம்.

முதல் கடன் கூட்டத்தில் மூன்று பேர் கேட்டார்கள், ஆளுக்கு 2,000 என்றால் 6,000, கையில் 5,600. ஒருவருக்கு ஆட்டுக்கு மருந்து, ஒருவருக்குத் தையல் மெஷின் மோட்டார், ஒருவருக்கு நகையை மீட்க வட்டி. அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் பணம் எண்ணும் அக்காதான் சொன்னார்: "ஆடு காத்திருக்காது. மோட்டார் ரெண்டு வாரம் காத்திருக்கும். நகைக்கு என்னைக்குக் கெடுன்னு பாப்போம்." நகைக்குக் கெடு அடுத்த மாதம்தான். முடிந்தது.

அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட வழக்கம், 'இல்லை' என்று மொட்டையாகச் சொல்வதில்லை, எந்த வாரம் என்று நோட்டில் தேதி எழுதிக் கொடுப்பது. கேட்டவர் எதிரிலேயே பேசுவது, அவர் எழுந்து போன பிறகு அல்ல. பரிதாபப்பட்டு வரிசை தாண்டிக் கொடுத்தால் அடுத்த வாரம் எல்லோரும் பரிதாபமாக வருவார்கள். மருத்துவச் செலவு மட்டும் விதிவிலக்கு, அதற்கு 500 ரூபாயைப் பெட்டியில் எப்போதும் தொடாமல் வைத்திருக்கிறோம்.

8. சண்டை வரும்

வராத குழு என்றால் அங்கே ஒருவர்தான் பேசுகிறார் என்று பொருள். கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் எங்களுக்கு 'குறை நேரம்'. இல்லாதவரைப் பற்றிப் பேச்சில்லை, ஆளைப் பற்றிப் பேச்சில்லை, நடந்ததைப் பற்றி மட்டும். "நீ எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்கினால் வட்டமே "எந்தப் புதன்?" என்று கேட்கும். அது இப்போது எங்களுக்குள் கேலியாகவே ஆகிவிட்டது, ஆனால் வேலை செய்கிறது. அன்றே தீராத விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி எழுதிவிடுவோம். இரண்டு கூட்டத்திலும் தீராவிட்டால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவோம். கணவர்மார்களைக் கூப்பிடுவதில்லை. தீர்த்துவைக்க வந்தவர்கள் தாங்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து போனதை முதல் குழுவில் பார்த்துவிட்டோம்.

9. ஆறு மாதம் கழித்து: வங்கிக் கடன்

கணக்குப் புத்தகப்படி குறைந்தது ஆறு மாதம் குழு ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். கணக்கு தொடங்கிய நாளிலிருந்து இல்லை, புத்தகத்தில் குழு நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து. சில கிளைகள் இதைக் குழப்பும். தர மதிப்பீட்டுக்கு வரும்போது தலைவியைத் தவிர மற்றவர்களிடம்தான் கேட்பார்கள்: உங்கள் சேமிப்பு எவ்வளவு, போன கூட்டத்தில் என்ன முடிவு? ஆறாவது படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இது ஒன்றுமே இல்லை.

முதல் கடன், குழுவின் மொத்த நிதியைப் போல 6 மடங்கு அல்லது ஒன்றரை லட்சம் ரூபாய், எது அதிகமோ அது. மொத்த நிதி என்பதில் சேமிப்போடு உள்கடன் வட்டி, சுழல் நிதி (அரசுத் திட்டத்தில் குழுவுக்குத் தரும் தொகை) எல்லாம் சேரும். 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம். ஒன்றரை லட்சத்தை 24 மாதத்தில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 6,700 ரூபாய் வரும். வாங்குவதற்கு முன்பே இந்த எண்ணை வட்டத்தில் சொல்லுங்கள். எங்களில் ஐந்து பேர் அதைக் கேட்ட பிறகு எனக்கு வேண்டாம் என்று சொன்னார்கள், அதுவும் நல்லதுதான். கடனைச் சமமாகப் பிரித்துக்கொள்வது பெரிய பொறி. தேவையில்லாதவர் தன் பங்கை வாங்கி வெளியில் கூடுதல் வட்டிக்கு விடுவார், அது திரும்பாவிட்டால் குழுவின் தலையில் விழும். யாருக்கு எவ்வளவு, எதற்கு என்று நுண்கடன் திட்டம் எழுதுவது சடங்கு இல்லை.

ஆவணங்கள்: கடன் கோரும் தீர்மானம், நுண்கடன் திட்டம், தர மதிப்பீட்டுத் தாள், எல்லா உறுப்பினரின் ஆதார், புகைப்படம், குழுவுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம், ஆறு மாதப் பதிவேடுகள். எங்களுக்கு மனு கொடுத்ததிலிருந்து பணம் வர ஐந்து வாரம் ஆனது. மார்ச் மாதம் போகாதீர்கள், ஆண்டு முடிவு நெருக்கடியில் அவர்களும் பாவம், நீங்களும் பாவம்.

வங்கியில் கேட்கக் கூடாததைக் கேட்டால்: 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்பை முடக்கி வைக்கக் கூடாது, வைப்புத்தொகை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒரு உறுப்பினர் பங்கு 50,000 ரூபாய்க்குள் இருந்தால் செயலாக்கக் கட்டணமும் கிடையாது. ஒருவருக்கு அதே வங்கியில் பழைய பாக்கி இருக்கிறது என்பதற்காகக் குழு முழுவதையும் பொதுவாகத் தள்ளக் கூடாது. அந்த ஒருவருக்கு மட்டும் இந்தக் கடனில் பங்கில்லை என்று சொல்லலாம். இதைக் கூட்டத்தில் அவர் இருக்கும்போதே பேசி முடித்துவிட்டு வங்கிக்குப் போங்கள். கவுண்டரில் முதல் தடவையாகத் தெரிந்தால் அவர் மறுவாரம் வரமாட்டார்.

10. பொறுப்பை மாற்றுங்கள்

இரண்டு ஆண்டு முடிந்ததும் மூன்று பேரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒருவர் பழையவர் இருக்கட்டும். கணக்கு எழுதுகிறவர் மாறும் முன் புதியவர் எட்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பழக வேண்டும், நான்கு வாரம் பார்த்து, நான்கு வாரம் எழுதி. எங்களுக்கு இப்போது எழுதுவது பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்யாணம் ஆகி வந்த ஒரு மருமகள். என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது.

கையெழுத்து மாற்றத்துக்குத் தீர்மான நகல், புதியவர்களின் ஆதார், புகைப்படம், ஸ்டாம்ப் போதும். பொறுப்பை விடுகிறவர்களும் புதிதாக ஏற்கிறவர்களும் ஒரே நாளில் சேர்ந்து போங்கள், இல்லாவிட்டால் இரண்டு நடை, ஆளுக்கு நூறு ரூபாய் வீண். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி கிடையாது. பாஸ்புக்கைப் பதிவிட்டு வாங்கிக்கொண்டு வரும் புதன்கிழமை வாசித்துக் காட்டுங்கள்.